ஏர்லெஸ் பெயிண்ட் ஸ்ப்ரேயர்: சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் அழுத்தம்

போன கோடையில் ஊரில் அப்பா வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுச் சுவர்கள் பிரஷ்ஷையும் ரோலரையும்தான் பார்த்திருக்கின்றன. இந்த முறை மேஸ்திரி ஒரு மின்சார ஏர்லெஸ் ஸ்ப்ரேயரைக் கொண்டுவந்தார். இரண்டு நாள் ஆகும் என்று நான் நினைத்திருந்த காம்பவுண்ட் சுவரின் முதல் கோட்டிங், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒருமுறை ஸ்ப்ரே சரியாக வரவில்லை. விசிறி மாதிரி விரிய வேண்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் நின்றே போனது. கன்னைப் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். மெஷின் சுவிட்சை அணைத்தான். கன்னை வலது கையில் வைத்துக்கொண்டு, டிப் மேல் ஒட்டியிருந்த பெயிண்டை இடது ஆள்காட்டி விரலால் வழிக்கப் போனான்.

“தம்பி, விரலை எடு” என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டிருந்தால் அப்போது எனக்கே காரணம் தெரிந்திருக்காது.

“மோட்டார் ஆஃப்ல இருக்கு சார், ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தான்.

மேஸ்திரி வந்து கன்னை வாங்கினார். டிப்பைத் திருப்பிப் போட்டு, காலி டிரம்முக்குள் காட்டி ட்ரிகரை அழுத்தினார். மோட்டார் ஆஃப். பிளக்கையும் பிடுங்கியாகிவிட்டது. ஆனாலும் பெயிண்ட் சீறிக்கொண்டு போய் டிரம்மின் சுவரில் அடித்தது. “இது உன் விரலுக்குள்ள போயிருக்கும்டா” என்றார். பையன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, இந்த மெஷின்களின் கையேடுகளையும் சில மருத்துவக் கட்டுரைகளையும் தோண்ட ஆரம்பித்தேன். பிறகு நானே ஒரு சின்ன மெஷினை வாடகைக்கு எடுத்து இரண்டு அறைகளுக்கு அடித்தும் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

காற்று இல்லாமல் எப்படி?

கார் பட்டறையில் பார்க்கிற ஸ்ப்ரே கன் கம்ப்ரசரோடு வேலை செய்வது. வேகமாக வரும் காற்று பெயிண்டைச் சிதறடித்துத் துகளாக்கும். ஏர்லெஸ்ஸில் காற்றுக்கு வேலையே இல்லை. மோட்டார் ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது (சில மெஷின்களில் டயஃப்ரம்). அது வாளியிலிருந்து பெயிண்டை உறிஞ்சி, ஹோஸ் வழியாக, கன் முனையில் இருக்கும் மிகச் சிறிய ஓட்டைக்குத் தள்ளுகிறது. அந்த ஓட்டையைத் தாண்டி வெளியே வரும் வேகத்திலேயே பெயிண்ட் தானாக உடைந்து சாரலாகிறது.

அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? கார் டயரில் சுமார் 32 பிஎஸ்ஐ வைப்போம். இந்த மெஷின்கள் பலவற்றின் உச்ச அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ. அதாவது டயரைப் போல 90 மடங்குக்கு மேல்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 2,000 பிஎஸ்ஐ என்பது 138 பார். உராய்வு, பாகுத்தன்மை எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெர்னூலி சமன்பாட்டில் போட்டால், லிட்டருக்கு 1.3 கிலோ எடையுள்ள பெயிண்ட் நொடிக்கு 145 மீட்டர் வேகத்தில் வெளியே வர வேண்டும். மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல்! நிஜத்தில் இதைவிடக் குறையும்தான், ஆனால் அளவு புரிகிறதல்லவா?

ஓட்டையின் அளவு டிப் மேலேயே எழுதியிருக்கும். 517 என்று இருந்தால், முதல் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்: 10. சுவரிலிருந்து 12 அங்குல தூரத்தில் வைத்து அடித்தால் 10 அங்குல அகலத்துக்கு விசிறி விழும் என்று பொருள். கடைசி இரண்டு எண்கள் ஓட்டையின் அளவு: ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு, அதாவது 0.43 மிமீ. ஆஸ்பத்திரியில் பயன்படும் 22 கேஜ் ஊசியின் உள்விட்டமும் ஏறக்குறைய இதேதான். பெயிண்ட் அடிக்கிற கருவியின் முனையில் ஒரு ஊசி இருக்கிறது, பின்னால் 2,000 பிஎஸ்ஐ இருக்கிறது. இப்படி யோசித்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அணைத்த பிறகும் ஏன்?

பம்புக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. சின்ன எஃகு உருண்டைகள்தான். பெயிண்டை முன்னால் போக விடும், திரும்பி வர விடாது. இன்னொரு முனையில் கன்னுக்குள் ஒரு ஊசி வால்வு. ட்ரிகரை விட்டதும் மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் 15 மீட்டர் ஹோஸ், அழுத்தத்தில் லேசாக உப்பி நிற்கிறது. மோட்டாரை அணைத்தால் பெயிண்டைத் தள்ளுவது மட்டும் நிற்கும். ஏற்கெனவே அடைபட்டிருக்கும் பெயிண்டுக்கு வெளியே போக வழி ஏது? அது அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மெஷின்களில் பிரஷர் கன்ட்ரோல் இருக்கிறது. வைத்த அழுத்தம் ஏறியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். ட்ரிகரை அழுத்தி அழுத்தம் குறைந்தால் மறுபடி ஓடும். ஆக, சுவிட்ச் ஆனில் இருந்து சத்தம் இல்லை என்றால் உள்ளே முழு அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். நம் புத்தி நேர் எதிராக அல்லவா வேலை செய்கிறது? சத்தம் நின்றால் ஆபத்து போச்சு என்று.

எங்கள் தொழிலில் இந்தப் பிழை அடிக்கடி வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, பார்க்கிற வேரியபிள் வேறொன்று. சுவிட்ச் சொல்வது மோட்டாரின் நிலையை. அழுத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

“சரி, ட்ரிகரை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே?” என்று நானும் நினைத்தேன். டிப் அடைத்திருந்தால் தெரியாது. ட்ரிகரை அழுத்தினாலும் எதுவும் வராது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தோன்றும். விரலை வைத்துத் தடவும்போது அடைப்பு விலகினால் போச்சு. அந்தப் பையன் செய்யப் போனது அதைத்தான்.

விரலில் ஒரு புள்ளி

உயர் அழுத்த ஊசிக் காயங்கள் மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1937-லேயே டீசல் எஞ்சினின் எரிபொருள் உடம்புக்குள் பாய்ந்த ஒரு காயத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. 100 பிஎஸ்ஐ அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்கிறார்கள். 2,000-ல் இருபதில் ஒரு பங்கு மிச்சமிருந்தாலே போதும்.

அதிகம் அடிபடுவது ஓங்காத கையின் ஆள்காட்டி விரல். வலக்கைக்காரர் என்றால் இடது ஆள்காட்டி விரல். கன் வலது கையில், துடைப்பது இடது கையால்; காரணம் அவ்வளவுதான்.

காயம் பார்க்க ஒன்றுமே இருக்காது. எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட சரியாக வராது. முதலில் வலியும் பெரிதாக இருக்காது, சிலருக்கு மரத்துப் போகும். அதனால் “சின்ன குத்துதானே” என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. பாய்ந்த பெயிண்ட் தசைநார் உறைகளின் வழியாக உள்ளங்கை வரை, சில சமயம் முன்கை வரை போகும். விரலுக்குள் காலி இடம் குறைவு. வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நின்றுபோகும். தின்னர், ஆயில் பெயிண்ட் மாதிரி கரைப்பான் கலந்தவை திசுக்களை ரசாயனமாகவும் அழிக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் வலி உயிர் போகும்.

கையில் ஏற்பட்ட இப்படிப்பட்ட 435 காயங்களைத் தொகுத்து 2006-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் 30 சதவீதம் பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கரைப்பான் வகைகளில், 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் செய்தவர்களுக்கு வெட்ட வேண்டிய நிலை குறைவாக இருந்தது. நேரம்தான் இங்கே மருந்து.

தொடங்கும் முன்

முதலில் மின்சாரம். மெஷின் மூன்று பின் பிளக்கோடு வந்தால் மூன்று பின்னும் வேலை செய்யும் சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். சைட்டில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு வயரைச் சொருகுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே எர்த்துக்கு இரண்டு வேலை. ஒன்று, ஷாக் அடிக்காமல் காப்பது. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: ஹோஸுக்குள் பெயிண்ட் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. கன்னிலிருந்து ஹோஸின் கடத்தும் அடுக்கு வழியாக, மெஷினின் எர்த் வழியாக அது தரைக்கு இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு பொறி போதும்.

தூரம் போக வேண்டும் என்றால் மின்வயரை நீட்டுவதைவிட பெயிண்ட் ஹோஸை நீட்டுவது மேல். ஆனால் அந்த அழுத்தத்துக்கென்று செய்த ஹோஸாக இருக்க வேண்டும். ஹோஸில் வெட்டு, உப்பல், மடிப்பு இருந்தால் டேப் சுற்றுவது வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து, எந்த பெயிண்ட்? சில சின்ன மெஷின்கள் தண்ணீரில் கரையும் பெயிண்டுக்கு மட்டும்தான், லேபிளில் போட்டிருக்கும். கரைப்பான் வகை அடிக்கலாம் என்றிருந்தாலும், பம்பு பகுதி ஸ்ப்ரே அடிக்கும் இடத்திலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதற்குள்ளேயே தீப்பொறி உண்டாகும் பாகங்கள் இருக்கின்றன. அறையில் காற்று ஓட வேண்டும், சாமி விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. மெத்திலீன் குளோரைடு மாதிரி குளோரின் உள்ள கரைப்பான்களையும், பிளீச்சையும் அலுமினிய பாகங்கள் உள்ள மெஷினில் ஊற்றக் கூடாது. அலுமினியத்தோடு வினை புரிந்து பாகமே வெடிக்கலாம்.

டிப் தேர்வு: எனாமல், வார்னிஷுக்கு 09 முதல் 13 வரை முடியும் எண்கள். சுவர் எமல்ஷனுக்கு 15 முதல் 19 வரை. உங்கள் மெஷின் தாங்கும் அதிகபட்ச டிப் அளவு கையேட்டில் இருக்கும்; அதைத் தாண்டினால் அழுத்தம் நிற்காது.

பெயிண்டை வடிகட்டுவது கட்டாயம். மேஸ்திரி பழைய மெல்லிய நைலான் சேலைத் துணியில் வடிகட்டினார். நன்றாகவே வேலை செய்தது. டின் விளிம்பில் காய்ந்த ஆடைதான் பாதி அடைப்புகளுக்குக் காரணம். அடைப்பு குறைந்தால் விரல் டிப் பக்கம் போகும் தேவையும் குறையும். வடிகட்டுவதை நான் பாதுகாப்புக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

கண்ணாடி போடுங்கள். எமல்ஷனுக்கு என்95 மாஸ்க்காவது வேண்டும். கரைப்பான் வகைக்கு அது போதாது, ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். கையுறை போடலாம், ஆனால் அது இந்த ஜெட்டைத் தடுக்காது. கையுறை இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம்.

முதல் ஓட்டம்

டிப்பை மாட்டாமல்தான் தொடங்க வேண்டும். பிரஷரைக் குறைந்தபட்சத்தில் வைத்து, வால்வை பிரைம் நிலையில் திருப்பி, தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். திரும்பி வரும் குழாயில் குமிழி நின்றதும் வால்வை ஸ்ப்ரேக்குத் திருப்பி, கன்னைக் கழிவு வாளிக்குள் காட்டி ட்ரிகரை அழுத்துங்கள். பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது கண்ணால் மட்டும். கையால் தடவியோ துணியை வைத்தோ கசிவைத் தேடக் கூடாது. ஊசி முனை அளவு கசிவும் ஊசிதான்.

தண்ணீர் சரியாக இருந்தால் அதே வரிசையில் பெயிண்ட். கன்னில் சீராக பெயிண்ட் வந்த பிறகு, ட்ரிகர் லாக் போட்டு, அழுத்தத்தை முழுதாக இறக்கி, அதன் பிறகுதான் டிப்பையும் அதன் முன்னால் வரும் கார்டையும் மாட்ட வேண்டும். கார்டு என்பது அந்த மஞ்சள் அல்லது கறுப்பு நிறக் கொம்பு. பார்வைக்கு இடைஞ்சல் என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். விரல் ஓட்டைக்கு நெருங்காமல் இருக்கத்தான் அது இருக்கிறது.

அடிக்கும்போது

அழுத்தத்தைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். ஒரு பழைய அட்டையில் அடித்துப் பாருங்கள். விசிறியின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடு விழுந்தால் அழுத்தம் போதவில்லை. கோடு மறையும் வரை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். உச்சத்தில் வைத்து அடித்தால் பெயிண்ட் புகையாகப் பறந்து பக்கத்து வீட்டுக் காரில் விழும், டிப்பும் சீக்கிரம் தேயும். உச்சத்திலும் கோடு மறையவில்லை என்றால் சின்ன டிப் போடுங்கள், அல்லது பெயிண்ட் கம்பெனி சொன்ன அளவுக்குள் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

சுவரிலிருந்து ஒரு அடி தூரம். மணிக்கட்டை வளைத்து வீசாமல் கை முழுவதையும் சுவருக்கு இணையாக நகர்த்துங்கள். கை நகர ஆரம்பித்த பிறகு ட்ரிகர், நிற்கும் முன் ட்ரிகரை விட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். இது இரண்டு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

கைக்கு வராதது லாக் போடும் பழக்கம். ஏணியில் ஏறும் முன், டீ குடிக்கும் முன், யாராவது கூப்பிட்டுத் திரும்பும் முன் லாக். என்னால் முதல் நாள் பாதி நேரம் மறக்காமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அழுத்தத்தை இறக்கும் வரிசை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். டிப்பைத் தொடும் முன், ஹோஸைக் கழற்றும் முன், மெஷினை விட்டு நகரும் முன்:

1. ட்ரிகர் லாக் போடவும்.
2. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கவும்.
3. பிரஷர் நாபைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பவும்.
4. வடிகால் குழாய் வாளிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, வால்வை பிரைம் நிலைக்குத் திருப்பவும்.
5. லாக்கை எடுத்து, கன்னை வாளிக்குள் காட்டி ட்ரிகரை அழுத்தவும்.
6. மறுபடி லாக் போடவும். வால்வை பிரைம் நிலையிலேயே விட்டுவிடவும்.

நாலாவதும் ஐந்தாவதும் ஏன் இரண்டும் வேண்டும்? டிப் அடைத்திருந்தால் ஐந்தாவது வேலை செய்யாது, நாலாவதுதான் காப்பாற்றும். ஹோஸுக்குள் அடைத்திருந்தால் வால்வு பக்கம் மட்டும் காலியாகும், கன் பக்கம் அப்படியே நிற்கும். ஒரு வழி அடைத்தாலும் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், கார்டைப் பிடித்திருக்கும் நட்டையோ ஹோஸின் முனையையோ மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அழுத்தம் கசிந்து போக விட்டு, அதன் பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும்.

சாதாரண அடைப்புக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. இப்போது வரும் டிப்புகளில் அம்புக்குறி போட்ட ஒரு கைப்பிடி உண்டு. லாக் போட்டு, அதை 180 டிகிரி திருப்பி, லாக்கை எடுத்து வாளிக்குள் ஒரு முறை அடித்தால் அடைப்பு பின்பக்கமாக வெளியே போய்விடும். லாக் போட்டு மறுபடி திருப்பிக்கொள்ளலாம். விரலுக்கு வேலையே இல்லை. அப்படியும் போகாவிட்டால் மேலே சொன்ன ஆறு படிகள், பிறகு டிப்பைக் கழற்றி, மெல்லிய பிரஷால் சுத்தம் செய்வது.

வேலை முடிந்ததும் கழுவும்போதும் இதே கவனம் வேண்டும். டிப்பைக் கழற்றி, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். தின்னரால் கழுவினால் உலோக வாளி, அதுவும் எர்த்தோடு இணைத்த வாளி. கன்னின் உலோகப் பகுதியை வாளி விளிம்பில் அழுத்தித் தொட வைத்துக்கொண்டு ட்ரிகரை அழுத்துங்கள். நிலைமின்சாரம் பொறியாகாமல் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பக்கெட்டில் தின்னர் அடிக்கவே கூடாது.

பட்டுவிட்டால்

நான் டாக்டர் இல்லை. கையேடுகளும் மருத்துவக் கட்டுரைகளும் ஒருமித்துச் சொல்வதை எழுதுகிறேன். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அமுக்கிப் பிதுக்க வேண்டாம். பெயிண்ட் டின்னையும், தின்னர் இருந்தால் அந்த டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனது என்ன என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி வசதி உள்ள இடமாக இருப்பது நல்லது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இல்லாதவர்கள் 108-ஐக் கூப்பிட்டு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. அவசரப் பிரிவில் இருப்பவர் இந்த மாதிரி காயத்தை முன்பு பார்க்காதவராக இருக்கலாம். புள்ளி மாதிரி காயத்தைப் பார்த்துவிட்டு டிடி ஊசி போட்டு அனுப்பிவிடலாம். அதனால்தான் பல கம்பெனிகள் கையேட்டோடு டாக்டரிடம் காட்ட ஒரு அட்டையும் தருகின்றன. மேஸ்திரியின் மெஷினில் கையேடும் இல்லை, அட்டையும் இல்லை. வாங்கும்போதே பழைய மெஷினாம்.

வேலை முடிந்து கிளம்பும் அன்று, ஒரு தாளில் நாலு வரி அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷினின் கைப்பிடியில் ஒட்டிக் கொடுத்தேன்:

“டாக்டர் கவனத்துக்கு: இது சாதாரணக் குத்துக் காயம் இல்லை. உயர் அழுத்த மெஷினிலிருந்து பெயிண்ட் தோலுக்குள் பாய்ந்திருக்கிறது. வெளியே சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே பரவியிருக்கும். உடனே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.”

பையன்தான் அதை சத்தமாகப் படித்தான். படித்துவிட்டு, “அந்த ஆறு ஸ்டெப்பையும் பின்னாடி எழுதிக் குடுங்க சார்” என்றான். எழுதிக் கொடுத்தேன்.